அந்தச் சங்கீதத்தில் ராஜா நீ இல்லை

தம்பி,

எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி, உன் அக்காவுக்குச் சளி, எனக்கு நேற்று நீ போன் செய்ததிலிருந்து மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. மற்றபடி சுகந்தான். இந்த வாரம் முழுக்கக் கொடைக்கானலில் மழை. அப்பா ஜீப்பை எடுக்காமல் வீட்டில் இருக்கிறார். நான் அடுப்படி மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய், அல்லது கோபத்தில் வைத்துவிடுவாய். கடிதம் என்றால் முழுவதும் படித்துத்தான் ஆகவேண்டும்.

நேற்று நீ சந்தோஷமாகத்தான் பேசினாய். கல்யாண அழைப்பிதழில் போட வேதத்தில் நாற்பத்தைந்தாம் சங்கீதத்திலிருந்து ஒரு வசனத்தை எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னாய். பராக்கிரமமுள்ள ராஜா தன் பட்டயத்தை, அதாவது வாளை, அரையில் கட்டிக்கொள்கிற வசனம். ஆராதனையிலும் அந்தச் சங்கீதத்தையே வாசிக்கப் போதகரிடம் கேட்டுவிட்டாயாம். "அக்காவுக்காக நிக்க ஒரு ஆம்பள இல்லாமப் போச்சும்மா. ஷாலினிக்கு அப்படி ஆக விடமாட்டேன். அவளுக்கு நான் ராஜா மாதிரி இருப்பேன்" என்றாய். நான் "சரிப்பா, பார்ப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தச் சங்கீதத்தை நான் கடைசியாகக் காதால் கேட்டது அடுக்கத்தில், உன் அக்காவின் மாமனார் வீட்டில். அங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது கப்பலில் இருந்தாய். கரைக்கு வந்த பிறகு, "ஒத்துவரல, மெர்சி வீட்டுக்கு வந்துட்டா" என்று மட்டும்தான் சொன்னோம். முழுவதையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது அவள்தான். நேற்றிரவு அவளிடம், "தம்பிகிட்ட இப்பச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "எழுதுங்கம்மா. கல்யாணத்துக்கு முன்னால அவனுக்குத் தெரியணும்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் இன்னொன்று. வரவேற்புக்குப் புடவை எடுக்கத் திண்டுக்கல் போனோமே, ஷாலினி இளம்பச்சையில் ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. நீ போனிலிருந்து தலையைத் தூக்கி, "அது வேணாம், டல்லா இருக்கு" என்றாய். அவள் ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தாள். உன் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் அதன்பிறகு அவள் எந்தப் புடவையைத் தொடுமுன்பும் உன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தொட்டாள். நீ அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அப்படிப் பார்க்கிற கண்ணை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன். உன் அக்காவுக்குக் கல்யாணமான முதல் கிறிஸ்மஸுக்கு இங்கே வந்தபோது, இன்னொரு இட்லி வைக்கட்டுமா என்று கேட்டேன். அவள் பதில் சொல்லுமுன் செல்வின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். இட்லிக்கு எதற்கு இவள் புருஷன் முகத்தைப் பார்க்கிறாள் என்று ஒரு நொடி நினைத்தேன். பிறகு வேலையில் மறந்துவிட்டேன்.

செல்வினின் அப்பா பொன்னையாவை உனக்குத் தெரியும். காபித் தோட்டமும் மிளகுக் கொடியும் வைத்திருப்பவர், ஞாயிறுதோறும் தன் வீட்டிலேயே ஜெபக்கூட்டம் நடத்துகிறவர். குரல் நல்ல கம்பீரம். பெண் பார்க்க வந்த அன்று அவர் ஜெபித்ததைக் கேட்டு நானே உருகினேன். அவருக்கு மிகவும் பிடித்த சங்கீதம் இதுதான். கல்யாண வீட்டில் அதை எடுத்து, "ராஜா பட்டயம் கட்டியிருக்கான். ராணி அவனைப் பணிஞ்சுக்கணும். அவன்தான் அவளுக்கு ஆண்டவன். அதுதான் குடும்பம்" என்று பேசினார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். சமையல் ஆட்களைக் கவனிக்கிற அவசரத்தில் எனக்கு அது பாதி காதில் விழுந்தது.

நம் சபையில் அந்தச் சங்கீதத்தை அப்படிப் படித்ததில்லை. முன்பு இருந்த போதகர், மழைக்காலத்தில் ஆராதனைக்குக் கூட்டம் குறைகிற நாட்களில், அதை வாரம் கொஞ்சமாக எடுத்து விளக்கினார். அது முதலில் ஏதோ ஒரு ராஜாவின் கல்யாணத்துக்குப் பாடிய பாட்டு. ஆனால் கிறிஸ்தவர்கள் தொடக்க நாளிலிருந்தே அந்த ராஜாவை இயேசு என்றும், மணப்பெண்ணைச் சபை என்றும் வாசித்து வந்திருக்கிறார்கள் என்றார். பட்டயத்துக்கு முந்தின வசனத்தைப் பாருங்கள் என்றார். அங்கே ராஜாவின் உதட்டில் கிருபை பொழிகிறது. அவருடைய ஆயுதம் அவர் வாயின் வார்த்தை, கையின் இரும்பு இல்லை. அடுத்த வசனத்தையும் பாருங்கள். ராஜா குதிரை ஏறிப் போவது சத்தியத்துக்காக, நீதிக்காக, சாந்தத்துக்காக. "சாந்தத்துக்காக யுத்தத்துக்குப் போற ராஜாவ எங்கயாவது பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். எல்லா விளக்கமும் ஒன்றுபோல இருக்காது என்பதையும் அவர் மறைக்கவில்லை. அதைக் கடைசி நாளில் நியாயந்தீர்க்க வருகிற யுத்தவீரன் என்று படிக்கிறவர்களும் உண்டு. அப்படிப் படித்தாலும் பட்டயம் அவர் இடுப்பில்தான் இருக்கிறது, நம் இடுப்பில் இல்லை என்றார்.

ஒரு வாரம், "இங்க இருக்குறவங்கள்ல மணப்பொண்ணு யாரு? கையத் தூக்குங்க" என்றார். ஆண்கள் பக்கம் சிரிப்பு. பெண்களில் சிலர் வெட்கத்தோடு தூக்கினோம். போதகர் சிரிக்கவில்லை. ஆண்கள் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது உன் அப்பா, ஜீப் கிரீஸ் போகாத அந்தக் கையை மெதுவாகத் தூக்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது, "என்ன மணப்பொண்ணே, நடக்க முடியுதா?" என்று நான் கேலி செய்தேன். "பொண்ணு மலையேறுனா மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்றார்.

அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கிறிஸ்மஸுக்கு அடுத்த மழைக்காலம் தொடங்கியதும் அவளிடமிருந்து போன் வருவது குறைந்தது. நாங்கள் கூப்பிட்டால் செல்வின் எடுப்பான். "சமையல்ல இருக்கா அத்தை", "தூங்குறா அத்தை" என்பான். மரியாதை குறையாது. டவர் கிடைக்கவில்லை என்பான். நானும் நம்பினேன். பஜாரில் மிளகு, காபி வாங்குகிற மும்தாஜ் அக்கா ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடையை அப்படியே போட்டுவிட்டு நம் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"மிளகு எடுக்க அடுக்கம் போயிருந்தேன். ஒம் மக கையில கட்டுப் போட்டுக்கெடக்கா. என்னாச்சு தாயின்னு கேட்டா, வழுக்கி விழுந்துட்டேங்குறா. வழுக்கி விழுந்தா கன்னத்துல வெரல் தடம் எப்படிம்மா விழும்? எனக்குச் சொல்ல மனசு வரல, சொல்லாம இருக்கவும் முடியல. வெரசா போய்ப் பாரு" என்றாள்.

மறுநாள் வெள்ளனே கிளம்பினோம். பெருமாள்மலையில் திரும்பி அடுக்கம் சாலையில் இறங்கும்போதே மழை வலுத்துவிட்டது. வழியில் பாறையும் மண்ணும் சரிந்து சாலையை மூடிக் கிடந்தது. அந்தப் பக்கம் போக வழியில்லை. அப்பா ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு, "நீ இங்கேயே இரு, நான் போய்ட்டு வாறேன்" என்றார். நான் கேட்கவில்லை. சரிவுக்கு மேலே காபிச் செடிகளைப் பிடித்துப் பிடித்து ஏறி, அந்தப் பக்கம் இறங்கினோம். என் புடவையெல்லாம் சேறு. வாயில் ஜெபம் வரவில்லை. "மெர்சி, மெர்சி" என்றுதான் வந்தது.

நாங்கள் போய் நின்றபோது ஜெபக்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. முன்னறையில் பாய் விரித்து அக்கம்பக்கத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மெர்சி சுவரோரம் தலையில் முக்காடிட்டு, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்தும் எழவில்லை. எழுந்தால் என்ன ஆகுமோ என்று பயந்த உட்கார்வு அது. அன்றைக்கு அந்தக் கன்னத்தைப் பார்த்ததை எழுத என்னால் முடியவில்லை. விட்டுவிடுகிறேன்.

உன் அப்பா வாசலிலேயே நின்று, "சம்பந்தி, பிள்ளையக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம். ஆஸ்பத்திரில காட்டணும்" என்றார். சத்தம் போடவில்லை.

பொன்னையா பாட்டை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். "கட்டிக்கொடுத்த பொண்ணக் கூட்டிட்டுப் போறதா? வேதம் என்ன சொல்லுது தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டே சங்கீதத்தைப் புரட்டினார். தகப்பன் வீட்டை மறந்துவிடு, அவரே உன் ஆண்டவர், அவரைப் பணிந்துகொள் என்று மணப்பெண்ணுக்குச் சொல்லும் இடத்தை அந்தக் கம்பீரக் குரலில் வாசித்தார். கூட்டத்தில் ஒருவர் பழக்கத்தில் ஆமென் என்றார்.

நான் கேட்டேன். "அண்ணே, அந்த வசனத்துல 'அவர்'ன்னு இருக்கே, அது யாரு?"

"ராஜா."

"எந்த ராஜா?"

பாயில் இருந்த ஒரு பெரியவர், "ஏசு ராசாதானம்மா" என்றார்.

"அப்ப மாப்பிள்ளை அதுல எங்க நிக்கிறாரு? அவரும் சபைதான அண்ணே? எம் மக நிக்கிற அதே இடத்துலதான அவரும் நிக்கணும், நீங்களும் நிக்கணும்? தகப்பன் வீட்ட மறன்னு சொன்னது அவருக்குந்தான? அவரு இன்னும் ஒங்க வீட்டுலதான இருக்காரு? ஒங்க பேச்சத்தான கேக்குறாரு?"

அவர் வேதப்புத்தகத்தை மூடினார். "பொம்பள எனக்கு வேதம் சொல்ல வந்துட்டா" என்றார். தம்பி, நான் அங்கே வாதத்தில் ஜெயித்தேன் என்று நினைத்துவிடாதே. நான் சொன்னது எவருடைய மனசையும் மாற்றவில்லை. மெர்சி அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் செல்வின் பின்பக்கத்திலிருந்து வந்தான். வாழைத்தார் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறான், அருவாள் கையிலேயே இருந்தது. அவன் வாசலை மறித்து நின்றான். "யாரு கூட்டிட்டுப் போறீங்கன்னு பார்க்குறேன். இந்த வீட்டுக்கு நான்தான்..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. அருவாளை ஓங்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை. பாயில் இருந்தவர்கள் சுவரோடு ஒண்டினார்கள். உன் அப்பா ஓர் அடி முன்னால் வைத்தார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன். அவருடைய கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இன்னோர் அடி வைத்திருந்தால் அன்றைக்கு யாரோ ஒருவர் உயிரோடு இருந்திருக்கமாட்டார். நீ அங்கே இருந்திருந்தால் அந்த அடியை வைத்திருப்பாய். நீ கப்பலில் இருந்தது கர்த்தருடைய கிருபை என்று அதற்குப் பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

அடுப்படியிலிருந்து செல்வினின் அம்மா வந்தார்கள். சலோமி மதினி. அந்த வீட்டுக்கு எத்தனை முறை போயிருப்போம், அவர்கள் ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள், உள்ளே போய்விடுவார்கள். அன்றைக்கு ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து, மகனுக்கு எதிரே நின்றார்கள். அவன் மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

"ஏலே, ஒங்கப்பன் எனக்குச் செஞ்சதப் பார்த்துத்தான் நீ வளந்த. நான் வாயத் தொறக்கல. தொறந்திருந்தா நீ இப்படி ஆகியிருக்க மாட்ட. இப்பத் தொறக்குறேன். குடு அத."

அவன் கொடுக்கவில்லை. அவர்கள் அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். குழந்தையின் கையிலிருந்து கத்தியைப் பிடுங்குகிற மாதிரி. அருவாள் அவர்கள் கைக்கு வந்ததும் அவன் முகம் கோணி அழ ஆரம்பித்தான். அவர்கள் அதை அடுப்படிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, மெர்சியின் செருப்பை எடுத்துவந்து அவள் காலடியில் போட்டார்கள்.

"போ தாயி. பெத்தவங்க மழையில நிக்காங்க."

பொன்னையா எழுந்து கத்தினார். என்ன கத்தினார் என்று எனக்கு நினைவில்லை. சலோமி மதினி அவருக்கு எதிரே போய்ப் பாயில் உட்கார்ந்தார்கள். "ஜெபத்த முடிச்சு வையுங்க. சனங்க காத்துக்கெடக்காங்க" என்றார்கள். நாங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினோம். சரிவில் ஏற அவளுக்கு ஒரு கைதான் இருந்தது. அப்பா அவளை முதுகில் தூக்கிக்கொண்டார். பெரிய பெண், கனம்தான். சேற்றில் அவருடைய முழங்கால் ஒருமுறை மடங்கியது. இன்றுவரை அந்தக் கால்தான் வலிக்கிறது. முதுகில் கிடந்தபடியே அவள் சொன்னது, "தம்பிக்குச் சொல்லாதீங்கப்பா. அவன் வெட்டிட்டு ஜெயிலுக்குப் போயிருவான்."

மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். கட்டுப் போட்ட கையோடு பெண்ணைப் பார்த்த பிறகும், சமாதானமாகப் போங்கள் என்று சொல்ல ஆட்கள் வந்தார்கள், சபையிலிருந்தே சிலர் வந்தார்கள். அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பினேன். செல்வின் ஒருமுறை ஆலயத்துக்கு வெளியே வந்து நின்றான். நான் பதறினேன். மெர்சியே இறங்கிப் போய் அவனிடம் பேசினாள். "நீங்க மாறுனா நல்லது, அது ஒங்களுக்கும் கர்த்தருக்கும் உள்ளது. நான் வரமாட்டேன்" என்றாளாம். பிறகு கோர்ட்டில் பிரிந்தார்கள். இப்போது பள்ளிக்கூட ஆபீஸில் அவள் வேலை பார்ப்பதும், ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் சத்தமாகப் பாடுவதும் உனக்குத் தெரியும். இன்னும் ஒரு கதவு படாரென்று சாத்தினால் அவளுக்குத் தோள் குறுகும். அது உனக்குத் தெரியாது.

அக்காவுக்காக நிற்க ஒரு ஆண் இல்லாமல் போனது என்று சொன்னாய். ஒரு ஆண் நின்றார், உன் அப்பா. அவர் அந்த அடியை வைக்காமல் நின்றதுதான் அவர் செய்த பெரிய காரியம். அவளை வாசலுக்கு வெளியே கொண்டுவந்தது கையில் எதுவுமில்லாத ஒரு பொம்பளை. அதனால்தான் நீ ஷாலினிக்கு ராஜாவாக இருப்பேன் என்றபோது எனக்குப் பயம் வந்தது. நீ செல்வின் இல்லை, எனக்குத் தெரியும். நீ அவளைக் காப்பாற்றத்தான் பட்டயம் கட்ட நினைக்கிறாய். ஆனால் காப்பாற்றுகிறேன் என்று வீட்டுக்குள் ராஜாவாக உட்கார்ந்தவன், நாள் போகப் போக யாருக்குக் கட்டளையிடுவான்? எதிரி வீட்டுக்குள் இல்லையே, அவள்தானே இருக்கிறாள். சின்ன வயதில் உன்னை ராசா, ராசா என்று கூப்பிட்டே சோறு ஊட்டினவள் நான்தான். தாய் கூப்பிடலாம். அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு இன்னொரு பெண்ணிடம் போய் உட்காராதே.

சங்கீதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது என் சங்கீதமும்தான். அவர்கள் வாயில் கெட்டுப்போனது என்று அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. வாசிக்கட்டும், முழுவதும் வாசிக்கட்டும். அதில் ராஜாத்தி ராஜாவின் வலதுபக்கம் நிற்கிறாள், காலடியில் உட்காரவில்லை. அதையும் நீ கேட்கவேண்டும். வாசிக்கும்போது ராஜா என்று வருகிற இடத்தில் உன்னை நினைக்காதே. மணப்பெண் என்று வருகிற இடத்தில் ஷாலினியோடு சேர்ந்து நீயும் நில். பணிந்துகொள் என்பது உங்கள் இருவருக்கும் சொன்னது. அதை நம்புகிற மனுஷனுக்குப் பெண்டாட்டியிடம் கையை ஓங்கவோ, வாயை ஓங்கவோ வழியே இல்லை. அவளும் அவனும் ஒரே இடத்தில் நிற்கிறவர்கள் அல்லவா? இதைப் படித்ததும் எனக்குப் போன் செய்யாதே. முதலில் ஷாலினிக்குச் செய். அவளை ஏதாவது கேள். அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை சும்மா இரு.

இன்னொரு செய்தி. உன் கல்யாணத்துக்கு சலோமி மதினியை அழைக்க வேண்டும் என்று மெர்சிக்கு ஆசை. இன்று காலை மும்தாஜ் அக்கா அடுக்கம் போனாள், தன் போனை மதினி கையில் கொடுத்தாள், நான் இங்கிருந்து பேசினேன். பொன்னையா இன்னும் அப்படியேதான் இருக்கிறாராம். "கல்யாணத்துக்கு வரணும் மதினி. அண்ணன் விடுவாங்களான்னு தெரியல, கேட்டுப் பாருங்க. மெர்சி அப்பா ஜீப்ப எடுத்துட்டு வருவாங்க" என்றேன்.

"கேட்டுட்டு வாறேன்னு நான் சொல்லல தங்கச்சி" என்றார்கள். "வாறேன்னு சொல்லுதேன்."